பூட்டிய போனை அரசு திறக்க முடியுமா?

கேள்வி: தங்க வரும் விருந்தினர்களின் ஆதார் படங்கள் என் ஐபோனிலும் வாட்ஸ்அப்பிலும் இருக்கின்றன. நாலு இலக்க பின் போதுமா? அரசு கேட்டால் கம்பெனி திறந்து கொடுத்துவிடுமா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: போதாது. ஐபோனில் ஒரு பின்னைச் சோதிக்க சுமார் 80 மில்லிசெகண்டு ஆகும். தவறான முயற்சிகளுக்கான தடையை ஒரு கருவி தாண்டிவிட்டால், நாலு இலக்கத்தின் 10,000 வாய்ப்புகளும் கால் மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். ஆறு இலக்கம் என்றால் 22 மணி நேரம். சிறிய எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் வைத்தால் ஐந்தரை ஆண்டுக்கு மேல். அதையே வையுங்கள்.

2016-ல் அமெரிக்காவின் சான் பெர்னார்டினோ துப்பாக்கிச் சூடு வழக்கில், சுட்டவரின் ஐபோனைத் திறக்க உதவும்படி அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ கேட்டும், ஐபோன் கம்பெனியான ஆப்பிள் மறுத்தது. கடைசியில் வேறொருவர் உதவியோடு திறந்தார்கள். அதனால் 'கம்பெனி தராது' என்பதை மட்டும் நம்பக் கூடாது. நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69-ஆவது பிரிவின்படி பூட்டவிழ்க்க அரசு உத்தரவிடலாம். உதவ மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை. உத்தரவு எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள், வக்கீலிடம் காட்டுங்கள்.

பலர் கோட்டைவிடுவது பேக்கப்பில், அதாவது போனுக்கு வெளியே சேமிக்கப்படும் நகலில்தான். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட்ஸ், சாட் பேக்கப் போய் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷனை (நகலை வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் வசதி) ஆன் செய்து, ஒரு பாஸ்வேர்டு வையுங்கள். அந்த பாஸ்வேர்டு தொலைந்தால் வாட்ஸ்அப்பாலும் மீட்க முடியாது. தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். விருந்தினர் கிளம்பியபின், வைத்திருக்கச் சட்டம் சொல்லாத படங்களை அழித்துவிடுங்கள்.