1966 மொரிஸ் மைனருக்கு ஹசார்ட் லைட் போடலாமா? வைப்பர் கண்ணாடி நடுவில் நிற்கிறதே, என்ன செய்வது?

அப்பா விட்டுப்போன மைனர் 1000 இப்போது உங்கள் கையில் இருக்கிறது, நான்கு சிக்னலும் சேர்ந்து மின்ன வேண்டும், வைப்பரும் ஒழுங்காகப் படுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் இருப்பது 1965ஆம் ஆண்டுக் கார், யாழ்ப்பாணத்தில் ஓட்டுகிறேன். இந்த இரண்டு வேலையையும் நானே செய்திருக்கிறேன்.

முதலில் வைப்பரைப் பார்ப்போம், காசு செலவில்லாமலே முடியக்கூடும். வைப்பரை எப்படி நிறுத்துகிறீர்கள்? வைப்பர் சுவிச்சைத் தொடாமல் திறப்பை மட்டும் திருப்பி எடுத்தால் அது எந்த இடத்தில் நின்றதோ அங்கேயே நிற்கும். இந்த லூகாஸ் மோட்டருக்கு மின்சாரம் இக்னிஷன் வழியாகத்தான் வருகிறது. சுவிச்சை அணைத்த பிறகும் மோட்டருக்குள் இருக்கும் பார்க்கிங் சுவிச், வைப்பர் கீழே வரும்வரை எர்த் (மின்சாரம் காரின் பாடி வழியாகத் திரும்பும் வழி) கொடுத்துக்கொண்டே இருக்கும். திறப்பை எடுத்துவிட்டால் அந்த ஓட்டம் அறுந்துபோகும். ஆகவே முதலில் சுவிச், படுத்த பிறகு திறப்பு.

அப்படிச் செய்தும் நடுவில் நின்றால் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றி வைப்பரை ஓடவிட்டு, சுவிச்சால் நிறுத்துங்கள். இரண்டு கைகளும் ஒரே அளவு தவறி நின்றால் சரிசெய்ய வேண்டியது மோட்டரில். கியர் பெட்டியின் மூடியில் நான்கு ஸ்க்ரூ இருக்கும். அவற்றைத் தளர்த்தினால் குமிழ் போன்ற பார்க்கிங் சுவிச் திரும்பும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஓட்டி நிறுத்திப் பாருங்கள். அரைவட்டம் திருப்பினால் மறுபக்கம் போய்ப் படுக்கும், அதனால் அவசரம் வேண்டாம். ஒரு கை மட்டும் தவறி நின்றால் மோட்டரைத் தொடவே வேண்டாம். கையின் அடியில் உள்ள சிறிய கிளிப்பைத் தூக்கிக் கழற்றி, தண்டின் பற்களில் ஒன்றிரண்டு தள்ளி மாட்டுங்கள். கழற்றாமல் கையால் பிடித்துத் திருகினால் பற்கள் தேய்ந்துபோகும். காய்ந்த கண்ணாடியில் வைத்தும் சரிபார்க்காதீர்கள், ஈரத்தில் அது நிற்கும் இடம் வேறு.

வைப்பர் மெதுவாக ஓடினால் மோட்டரைக் குறைசொல்லும் முன் அதிலிருந்து குழாய்க்குள் ஓடும் பல் கேபிளை வெளியே இழுத்துப் பாருங்கள். என் காரில் ஐம்பது வருடக் கிரீஸ் மெழுகாக இறுகிக் கிடந்தது. கேபிளையும் குழாயையும் மண்ணெண்ணெயில் கழுவிப் புதுக் கிரீஸ் பூசியதும் வேகம் வந்துவிட்டது. இன்னொன்று: கேபிள் சுழற்றும் சிறு பற்சக்கரங்கள் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. ஒரு பக்கப் பற்களே தேய்ந்து கை ஆடத் தொடங்கும். கேபிளைக் கழற்றிய நேரத்தில் சக்கரத்தை அரைவட்டம் திருப்பி மாட்டினால் தேயாத பற்கள் வேலைக்கு வரும். புதுச் சக்கரம் தேடி அலைய வேண்டியதில்லை.

சரி, ஹசார்ட் லைட். ஏ9 வீதியில் ஆனையிறவைத் தாண்டி ஓர் இரவு என் காரின் ஃபேன் பெல்ட் அறுந்தது. கொழும்பு பஸ்களும் லொறிகளும் வருகிற வேகம் உங்களுக்குத் தெரியும். நான் பெல்ட் மாட்டி முடிக்கும்வரை என் மனைவி டோர்ச்சைப் பிடித்தபடி இருட்டில் நின்றார். அன்றைக்கே முடிவெடுத்தேன். பழைய கார் முதலில் வந்த மாதிரியே இருக்க வேண்டும் என்று சொல்பவர்களோடு இந்த ஒரு விஷயத்தில் நான் ஒத்துப்போக மாட்டேன்.

வயர் தொடும் முன் பற்றரியின் எந்த முனை பாடியில் பூட்டியிருக்கிறது என்று பாருங்கள். மைனர் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பொசிட்டிவ் எர்த், அதாவது + முனை பாடியில். பின்னர் யாராவது மாற்றியிருக்கலாம். சிக்னலை மின்னவைப்பது பிளாஷர் என்ற சிறு கருவி. கடையில் கிடைக்கும் எலெக்ட்ரோனிக் பிளாஷர்களில் பல நெகட்டிவ் எர்த்துக்கு மட்டும் செய்தவை, எல்இடி பல்புகளும் அப்படித்தான். வெப்பத்தால் வேலைசெய்யும் இரண்டு முனைப் பிளாஷருக்கு அந்தக் கவலை இல்லை. சாதாரணப் பல்பு வைத்திருந்தால் அதையே வாங்குங்கள், ஹசார்டுக்கென்று செய்த கனரக வகையாகக் கேளுங்கள்.

காரில் இருக்கும் பழைய பிளாஷரிலேயே நான்கையும் இணைக்க நினைக்காதீர்கள். அது இரண்டு 21 வாட் பல்புக்குச் செய்தது. நான்கு பல்பு 84 வாட், அதாவது 7 ஆம்பியர். அதைத் தாங்காது.

புது இணைப்பு பியூஸ் பெட்டியின் ஏ1 முனையில் தொடங்கட்டும். கபில நிற வயர் வரும் இடம் அது, திறப்பு இல்லாமலே எப்போதும் மின்சாரம் இருக்கும். அங்கிருந்து 15 ஆம்பியர் பியூஸ், பிறகு புதுப் பிளாஷர், பிறகு சுவிச். சுவிச்சில் இரண்டு தனி வெளிவழிகள் வேண்டும்: ஒன்று இடது சிக்னலின் வயருக்கு, பச்சையில் சிவப்புக் கோடு. மற்றது வலதுக்கு, பச்சையில் வெள்ளைக் கோடு. ஒரே வழியில் இரண்டையும் இணைத்தால் பிறகு இடது போட்டாலும் நான்கும் மின்னும். சுவிச்வரை 2 சதுர மில்லிமீட்டர் வயர், அதற்கு அப்பால் 1 போதும்.

பழைய வயரை வெட்ட வேண்டாம். அவை குண்டு முனையால் குழாய் இணைப்பில் செருகப்பட்டவை. அந்தக் குழாயை எடுத்துவிட்டு நான்கு வாய் உள்ள குழாயைப் போட்டால் புது வயரும் அதிலேயே செருகும், வேண்டாமென்றால் ஒருநாள் உருவி எடுத்துவிடலாம். வேலைக்கு முன் பற்றரியின் எர்த் முனையைக் கழற்றிவிடுங்கள்.

சாதாரண சுவிச்சில் ஒரு குறை உண்டு. ஹசார்ட் மின்னும்போது ஸ்டியரிங் அருகில் உள்ள சிக்னல் கம்பியையும் போட்டால் மின்சாரம் பழைய பிளாஷர் பக்கமும் போய்க் குழப்பும். ஹசார்டைப் போடும்போது பழைய சிக்னலின் வழியைத் துண்டிக்கிற சுவிச்சும் உண்டு, கிடைத்தால் அதுவே நல்லது. சிக்னல் கம்பியின் நுனியில் எரியும் பச்சை விளக்கு பழைய பிளாஷரோடு சேர்ந்தது, ஹசார்டுக்கு எரியாது. சுவிச்சுக்குள்ளேயே சிறு விளக்கு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

இத்தனையும் 1963 இறுதிக்குப் பிந்திய, மஞ்சள் சிக்னல் உள்ள கார்களுக்கு. அதற்குச் சற்று முந்திய, மின்னும் சிக்னல் உள்ள கார்களில் பின்பக்கச் சிவப்பு பிரேக் விளக்கே சிக்னலாகவும் மின்னும். அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

மின்னல் மங்கலாக இருந்தால் முதலில் விளக்கின் எர்த்தைச் சுரண்டுங்கள். நம் கடற்காற்றுக்கு விளக்கு பூட்டியிருக்கும் தகடுதான் முதலில் துருப்பிடிக்கிறது. என் காரில் வலது பின் விளக்குக்கு ஒரு துண்டு எமரித்தாள்தான் மருந்தாக இருந்தது.

உங்கள் பியூஸ் பெட்டியையும் பற்றரி முனைகளையும் படம் எடுத்துப் போடுங்கள். யாராவது இடையில் வயர் நிறத்தை மாற்றியிருந்தால் நான் மேலே சொன்னது பொருந்தாது, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.