ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியம் என்றாலே புள்ளி புள்ளியாக வைத்து வரைவதுதானா? மலையை வரைந்தால் அது பண்பாட்டைப் பகிர்வதாகுமா?

கண்டிப்பாக ஆகும். ஓவியர் பில்லி பென் பெருர்லேயை எடுத்துக்கொள்ளுங்கள். அலியாவார் என்ற பழங்குடி இனத்தவர், மத்திய ஆஸ்திரேலியாவின் ஹார்ட்ஸ் மலைத்தொடர்ப் பகுதியில் பிறந்தவர். நீண்டகால மனநலப் பாதிப்போடு வாழ்ந்த அவர், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் மாற்றுத்திறனாளிகளுக்கான பிண்டி பட்டறையில் உலோக வேலை பார்த்தார். அங்கே கிடந்த மரத்துண்டுகளில்தான் வரையத் தொடங்கினார். செம்மண் மலைகள், ஊதா நிழல்கள், வெளிறிய வானம். தூரிகைத் தீற்றல்கள் அவ்வளவு வேகம்! புள்ளிகளைத் தேடிப் போனால் ஏமாந்துபோவீர்கள்.

பழங்குடியினருக்கு நிலம் வெறும் காட்சி இல்லை. முன்னோர் கதை, சட்டம், உறவு எல்லாமே அதில்தான் இருக்கிறது. பிறந்த மண்ணை விட்டு வெகுகாலம் விலகி வாழ்ந்தவர், அந்த மலைகளை நினைவிலிருந்தே ஒவ்வொன்றாக வரைந்தார். பண்பாட்டைப் பகிர்வதென்றால் இதைவிட வேறென்ன வேண்டும்? 2006இல் ஆலிஸ் பரிசு என்ற கலைப் பரிசும் அவருக்குக் கிடைத்தது. அதே பிண்டியின் ஓவியக்கூடத்தில் மாற்றுத்திறனாளிப் பழங்குடி ஓவியர்கள் தொடர்ந்து வரைகிறார்கள்.