அட்டைப்பெட்டிக்கும் மைசூர்பாகு விலையா?

கேள்வி: தீபாவளிக்கு ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கினேன். கிலோ 800 ரூபாய். அட்டைப்பெட்டியோடு சேர்த்தே எடை போட்டார்கள். கேட்டதற்கு, "எல்லாக் கடையிலும் இப்படித்தாம்மா" என்றார்கள். வீட்டில் நிறுத்துப் பார்த்தேன், காலிப் பெட்டி மட்டும் 80 கிராம். புகார் செய்தால் பணம் திரும்பக் கிடைக்குமா? பண்டிகை நேரத்துச் சோதனையெல்லாம் கண்துடைப்பு என்கிறார் என் கணவர்.
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: 80 கிராம் என்றால் உங்களிடம் 64 ரூபாய் கூடுதலாக வாங்கிவிட்டார்கள், சகோதரி. விட்டுவிடாதீர்கள்.

தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தை அமல்படுத்துவது தொழிலாளர் துறை. பலருக்கு இது தெரியாததால் புகார் வேறெங்கோ போய்ச் சுற்றுகிறது. அந்தத் துறையில்தான் நான் வேலை பார்த்தேன். இனிப்புக் கடைக்குப் போனால் முதலில் காலிப் பெட்டியைத்தான் தராசில் வைப்போம். "பெட்டியை நானும் காசு கொடுத்துத்தானே சார் வாங்குறேன்?" என்பார் கடைக்காரர். நியாயம்தான், பெட்டிக்குத் தனியாக விலை போட்டுக்கொள்ளட்டும். பாகு விலைக்கு அட்டையை விற்கக் கூடாது. அடுத்து, தராசில் நடப்பு முத்திரை, அதாவது எடை சரி என்று சோதித்துப் போட்ட அடையாளம், இருக்கிறதா என்று பார்ப்போம். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மறுமுத்திரை போட வேண்டும். அதற்கான சான்று வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். அடுத்த முறை கல்லாவுக்குப் பின்னால் சாமி படத்துக்குப் பக்கத்தில் அதைத் தேடிப் பாருங்கள்.

குற்றம் உறுதியானால் கடைக்காரர் இணக்கக் கட்டணம் கட்டி முடித்துக்கொள்ளலாம். மறுத்தால் குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு. எப்படியானாலும் அந்தப் பணம் அரசுக் கணக்குக்குத்தான் போகும். உங்கள் 64 ரூபாயை வாங்கித் தரும் அதிகாரம் ஆய்வாளருக்கு இல்லை. ஆனால் நாளைக்கு அதே கடைக்கு வருகிறவர்களுக்கு எடை சரியாக இருக்கும்.

உங்கள் பணம் வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போக வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பணத்தோடு மன உளைச்சலுக்கும் செலவுக்கும் இழப்பீடு கேட்கலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள், ஆன்லைன் விற்பனை என்றால் அதில் காரியம் நடக்கும். உங்கள் விஷயத்திலோ தராசைச் சோதிக்க யாராவது கடைக்கு நேரில் வந்தாக வேண்டுமே!

கண்துடைப்பு என்று உங்கள் கணவர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. முதல் கடைக்குள் நுழைந்ததுமே தெரு முழுக்கப் போன் பறந்துவிடும். நாலாவது கடைக்குப் போவதற்குள் பெட்டியைக் கழித்து எடை போட ஆரம்பித்திருப்பார்கள். போதாக்குறைக்கு, குறைந்தபட்ச ஊதியம், குழந்தைத் தொழிலாளர் என்று மற்ற சோதனைகளும் இதே அலுவலர்கள் தலையில்தான். எந்தக் கடையில் எந்த நேரத்தில் தப்பு நடக்கிறது என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால்தான் சோதனை நேராக அங்கே போய் நிற்கும்.

ஆகவே, உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு முதலில் எழுதுங்கள். கடை முகவரி, வாங்கிய தேதி, நேரம், பில் நகல், காலிப் பெட்டி தராசில் இருக்கும் படம் எல்லாம் போகட்டும். மாலைக் கூட்டத்தில்தான் இப்படிச் செய்கிறார்கள் என்றால் அதையும் குறிப்பிடுங்கள். எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்கும்படி கடைசி வரியில் கேளுங்கள். பிறகு நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தால், உங்கள் பில்லோடு அந்தப் பதில் கடிதமும் வலுவான சாட்சியாக நிற்கும்.