1960களின் கிளாசிக் கார், புதிய குடும்ப செடான்: வீட்டுக்கு எது சரி?

எங்கள் வீட்டில் இரண்டும் நிற்கின்றன. அப்பா விட்டுப்போன 1960களின் கார் ஒன்று, ஐந்து வருடம் முன்பு வாங்கிய செடான் ஒன்று. “பழைய கார் கெட்டி இரும்பு, இப்போது வருவதெல்லாம் தகரம்” என்று பலர் சொல்வார்களே, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நானும் பல வருடம் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான்.

2009ல் அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் (காப்பீட்டு நிறுவனங்கள் பணம் போட்டு நடத்தும் அமைப்பு) 1959 செவர்லே பெல் ஏரையும் 2009 செவர்லே மாலிபுவையும் எதிரெதிராக மோதவிட்டது. இரண்டும் மணிக்குச் சுமார் 64 கிலோமீட்டர் வேகம், ஓட்டுநர் பக்கம் மட்டும் இடிபடும் மோதல். வீடியோ இணையத்தில் இருக்கிறது, பாருங்கள். பெல் ஏரில் முன்பக்கம் முழுக்க உள்ளே வந்து சோதனைப் பொம்மையை நசுக்கியது. நிஜ ஆளாக இருந்தால் உயிர் போயிருக்கும். மாலிபுவின் பொம்மைக்குக் காலில் அடி, அவ்வளவுதான்.

புது காரின் மூக்கு நொறுங்குவது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. மோதும் வேகம் எங்காவது போய்த் தீர வேண்டும். முன்பகுதி மடங்கி அதை வாங்கிக்கொண்டால், ஆள் உட்காரும் கூண்டு தப்பும். மெர்சிடிஸ் பொறியாளர் பெலா பரேனி 1950களிலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அப்பாவின் காருக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. அதன் ஸ்டியரிங் தண்டு நெஞ்சுக்கு நேராக நீட்டிய ஈட்டி மாதிரி இருக்கிறது. பின்சீட்டில் பெல்ட்டே கிடையாது, அதனால் குழந்தை சீட்டைக் கட்டவும் வழியில்லை.

பிரேக் இன்னொரு கதை. அப்பாவின் காரில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் (சக்கரத்தோடு சுழலும் உருளையை உள்ளிருந்து அழுத்தி நிறுத்துவது). நீண்ட இறக்கத்தில் திரும்பத் திரும்ப மிதித்தால் சூடேறி, மிதி இருக்கும், வண்டி நிற்காது. ஒரு முறை அப்படி ஆகி, இரண்டாவது கியருக்குத் தட்டித்தான் வேகத்தைக் குறைத்தேன். அன்றைக்கு வியர்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதோடு, எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன் (பிரேக் ஆயில் போகும் குழாய்). எங்காவது ஒழுகினால் நான்கும் போச்சு.

சரி, அப்புறம் ஏன் அதை விற்கவில்லை? கூரையைத் தாங்கும் மெல்லிய தூண்கள், சுற்றிலும் கண்ணாடி. புது காரில் அந்தத் தடித்த முன்தூணுக்குப் பின்னால் ஒரு ஆளே மறைந்துவிடுகிறார். பழையதில் பானட்டை (எஞ்சின் மூடியை) திறந்தால் எல்லாம் கைக்கெட்டும், கோளாறையும் நானே சமாளித்துவிடலாம். வெயிலில் நெரிசலில் நின்றால் பெட்ரோல் குழாயிலேயே கொதித்து வண்டி படுத்துவிடும். எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தால் தானாக எழுந்துவிடும். செடானில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தால் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் வைத்திருப்பவரைத் தேடிப் போக வேண்டும். ஆனால் அது எரிந்ததே ஐந்து வருடத்தில் ஒரு தடவைதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் யோசிக்காமல் செடான். பிள்ளைகள் எங்கள் வீட்டில் அதில்தான் போகிறார்கள். பழையது ஞாயிறு காலை எனக்கு மட்டும். மனசு கேட்காமல் கிளாசிக்கே வாங்கினால், பெயின்டுக்குச் செலவழிக்கும் முன் பிரேக் ஹோஸ்களை (பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய்களை) மாற்றுங்கள். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே ரப்பர் உப்பி அடைத்திருக்கும்.