நாவலைக் கட்டி வை, வகுப்புக்குப் போ

ஏற்காட்டிலிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது, இப்போது கர்ப்பம் ஏழாம் மாதம், கையில் பாதியில் நிற்கும் ஒரு நாவல். குழந்தை பிறப்பதற்குள் நாவலை முடித்து, ஜெர்மன் மொழியின் பி1 (இடைநிலை) பரீட்சையையும் எழுதிவிட நினைக்கிறேன், முடியுமா அக்கா, அதற்கப்புறம் எழுத்து என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறாய்.

முடிக்க முயற்சி செய்யாதே, கண்ணு. நாவலை ஒரு கோப்பில் கட்டி வை. ஜெர்மன் வகுப்புக்கு மட்டும் உட்கார முடிகிறவரை போ. பரீட்சைக்காக இல்லை, பிரசவ அறையில் எங்கே வலிக்கிறது என்று நீயே சொல்ல வேண்டும், அதற்காக. சான்றிதழை அடுத்த வருடமும் வாங்கலாம்.

விடுமுறைக்கு மகளோடு ஜெர்மனியிலிருந்து சேலம் வந்திருக்கிறேன். அம்மாப்பேட்டையில் அம்மா வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பின்வீட்டில் இன்னும் ஒரு குழித்தறி ஓடுகிறது, வெண்பட்டு வேட்டி நெய்கிறார்கள். நேற்று தறிச் சத்தமே கேட்கவில்லை என்று போய்ப் பார்த்தேன். பழைய பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், தீர்ந்து, புதுப் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார்கள். பழைய பாவின் நுனிகள் தறியிலேயே இருக்கின்றன. அந்த வீட்டு அக்கா விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று என எடுத்து முறுக்கிச் சேர்க்கிறார். ஆயிரக்கணக்கான இழை. இது முடிகிறவரை ஒரு முழம்கூடத் துணி இறங்காது. அவசரப்பட்டு இழை மாறிப்போனால் பிறகு வேட்டி முழுக்கத் தெரியும். உனக்கும் இது பாவு பிணைக்கிற காலம்தான். துணி இறங்கவில்லையே என்று பதறாதே.

ஆனால் நிதானமாக இருக்க வேண்டும் என்று நினைத்தால் மட்டும் போதாது, அதற்கு ஏற்பாடு வேண்டும். இங்கே சேலத்தில் வளைகாப்பு முடிந்தால் அம்மா வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவார்கள். பச்சை உடம்பு என்று சொல்லி ஒரு வேலையும் தொடவிட மாட்டார்கள், பத்தியச் சாப்பாடு இருந்த இடத்துக்கே வரும். அங்கே அந்த ஓய்வை நீயும் உன் வீட்டுக்காரரும் சேர்ந்து கட்டிக்கொள்ள வேண்டும். ஜெர்மனியில் அதற்கு நல்ல சட்டங்கள் இருக்கின்றன. நேரத்துக்குக் கேட்டு வாங்குவதுதான் நம் வேலை.

முதலில் ஹெபம்மே, அதாவது வீட்டுக்கே வந்து பார்க்கும் மருத்துவச்சி. பிரசவமான முதல் பத்து நாள் தினமும்கூட வரலாம், அதன்பிறகும் தேவைப்படும்போது 12 வாரம் வரை வருவார். அரசு முறை காப்பீடு செலவை ஏற்கும். இவர்களுக்குப் பெரிய தட்டுப்பாடு, கர்ப்பம் தெரிந்த உடனே தேடுகிறவர்களுக்கே சிரமம். நீ ஏழாம் மாதத்தில் இருக்கிறாய், ஆகவே இன்றைக்கே கூப்பிட ஆரம்பி.

அடுத்தது உன் வீட்டுக்காரரின் விடுப்பு. எல்டர்ன்ஸைட் என்ற பெற்றோர் விடுப்பு எடுப்பதாக இருந்தால் ஏழு வாரம் முன்பே நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். எல்டர்ன்கெல்ட் என்ற உதவித்தொகையில், பிடித்தம் போக அவர் கைக்கு வரும் சம்பளத்தில் சுமார் 65 சதவீதம், அதிகபட்சம் மாதம் 1,800 யூரோ வரை வரும். நீ அங்கே வேலைக்குப் போகவில்லை என்றாலும் மாதம் 300 யூரோ உனக்கு உண்டு, வேலை செய்ய அனுமதிக்கும் விசா இருக்க வேண்டும். உனக்கு 12 மாதம், அவர் குறைந்தது இரண்டு மாதம் எடுத்தால் சேர்த்து 14. விண்ணப்பத்தைக் குழந்தை பிறந்து மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடு. அதற்கு மேல் தாமதித்தால் பின்னோக்கி மூன்று மாதத்துக்குத்தான் தருவார்கள். கதைக்கு எங்காவது சன்மானம் வந்தால் அதையும் அந்த அலுவலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

பலர் அந்த இரண்டு மாதத்தையும் ஊருக்கு வரப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு மாதம் குழந்தை பிறந்த உடனே எடுக்கட்டும். இன்னொன்றை 13ஆம் மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், காரணம் பிறகு சொல்கிறேன். அம்மாவைப் பிரசவத்துக்கு முன்பே வரவழைக்கவும் வேண்டாம். விசாவில் அவர்கள் தங்கக் கிடைப்பது 180 நாளில் 90 நாள். வீட்டுக்காரர் வேலைக்குத் திரும்புகிற வாரத்தில் அம்மா வந்து இறங்கினால் அந்த மூன்று மாதமும் உனக்குப் பலமாக இருக்கும்.

சரி, எழுத்து. மகள் பிறந்த வருடம் நான் கதை எழுதவில்லை. அம்மா ஊரிலிருந்து மளிகைக்கடைத் தினசரி காலண்டர் ஒன்று கொடுத்தனுப்பியிருந்தார், ராகுகாலம் எமகண்டமெல்லாம் போட்ட சின்னத் தாள். கிழித்த தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும், உள்ளங்கை அகலம்தான், நாலைந்து வரிக்கு மேல் பிடிக்காது. அதில் எழுதினேன். 'இன்று தும்மினாள், தும்மலுக்கு அவளே பயந்தாள்.' 'பால் கொடுக்கையில் எதிர்வீட்டு மாடியில் ஒருவர் ஒரே சட்டையை மூன்று முறை உதறிக் காயப்போட்டார்.' இப்படித்தான். கைவிட்டுப் போன நாட்களில் தாள் வெறுமையாகவே கிடந்தது, அதை ஈடுகட்டவும் நான் முயலவில்லை. பின்னால் கதைகளுக்கு உட்கார்ந்தபோது எனக்குக் கைகொடுத்தவை அந்தத் தாள்கள்தான். பெரியதாக யோசித்து எழுதிய குறிப்புகளில் இருந்து ஒரு வரிகூட எடுக்கவில்லை. கையில் குழந்தை இருக்கும்போது கைப்பேசியில் பேசிப் பதிவு செய்யலாம், தமிழில் நன்றாகவே எழுத்தாக்குகிறது. உரையாடல் வரிகளுக்கு அது நல்லது, வருணனைக்குச் சரிப்படாது என்பது என் அனுபவம்.

குழந்தை தூங்கும்போது எழுது என்று பலர் சொல்வார்கள். குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு.

இப்போது அந்த 13ஆம் மாதத்துக்கு வருகிறேன். ஒரு வயது முடிந்த குழந்தைக்குக் கீட்டாவில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், இடம் கேட்க, 2013 ஆகஸ்ட் முதல் சட்டப்படி உரிமை இருக்கிறது. இடம் எளிதில் கிடைக்காது, பிறந்த உடனே பதிந்து வை. கிடைத்தாலும் நம் ஊர்ப் பள்ளி மாதிரி முதல் நாளே வாசலில் விட்டுவிட்டு வர முடியாது. முதல் மூன்று நாள் நீயும் குழந்தையோடு உள்ளே இருக்க வேண்டும், ஏறக்குறைய ஒரு மணி நேரம், பிறகு இருவருமே வீட்டுக்கு. நாலாம் நாள்தான் சில நிமிடம் வெளியே போகச் சொல்வார்கள். அழுதால் உடனே உள்ளே கூப்பிடுவார்கள். மறுநாள் கொஞ்சம் கூட. இப்படி இரண்டு மூன்று வாரம், சில குழந்தைகளுக்கு அதற்கு மேலும். அந்தச் சின்ன நாற்காலியில் முழங்கால் மடித்து உட்கார்ந்திருந்தபோது, மாறுதல் என்றால் இத்தனை நிதானமாகத்தான் நடக்க வேண்டும் என்று ஒரு நாடே வழக்கமாக வைத்திருக்கிறதே என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. குழந்தைக்குக் கொடுக்கிற அந்த அவகாசத்தை நமக்கும் கொடுத்துக்கொள்ளலாம். அந்த மாதம் கீட்டாவுக்கு அப்பா போகட்டும். நீ நாவல் கோப்பைத் திற. அன்றைக்கு ஒரு பக்கம் படித்தாலே போதும்.

ஒன்று மட்டும் நிதானத்தின் கணக்கில் சேராது. டிசம்பரில் அங்கே மாலை நாலரைக்கே இருட்டத் தொடங்கிவிடும், உனக்கு அது கைக்குழந்தையோடு முதல் குளிர்காலம். முதல் நாட்களில் அழுகை வரும், அது பலருக்கும் வருவதுதான். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, குழந்தை தூங்கியும் உனக்குத் தூக்கம் வராமல் போனாலோ, எதன்மேலும் பிடிப்பில்லாமல் போனாலோ ஹெபம்மேயிடமோ டாக்டரிடமோ சொல்லிவிடு. அம்மா கவலைப்படுவாரே என்று மறைக்காதே.

ஹெபம்மே யாரும் கிடைக்கவில்லை என்றால் எனக்கு எழுது, என்னைப் பார்த்துக்கொண்டவரிடம் நானே கேட்கிறேன். சேலத்திலிருந்து என்ன கொண்டுவரட்டும்? மாம்பழம் கேட்காதே, சான்றிதழ் இல்லாமல் அங்கே விடமாட்டார்கள். நெய்க்கும் அனுமதி இல்லை, வெண்ணெய் வாங்கி உருக்கிக்கொள்ளலாம். சுக்கு, மிளகு, திப்பிலி செவ்வாய்ப்பேட்டையில் நாளைக்கு வாங்குகிறேன். வேறு ஏதாவது வேண்டுமென்றால் இன்றிரவுக்குள் சொல்.