இங்கிலாந்து மேட்டு நிலங்களில் சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஏன் தனியாகத் தங்குமிடம் கட்டினார்கள்?

முதல் காரணம் தூரம். வட பென்னைன் மலைப்பகுதியில் ஈயத் தாது கிடைத்த இடமெல்லாம் மரமில்லாத, ஈரக்காற்று ஓயாத மேடு. தொழிலாளியின் வீடோ கீழே பள்ளத்தாக்கில். தினமும் ஏறி இறங்குவது பலருக்குக் கட்டுப்படியாகாது. திங்கட்கிழமை வாரத்துக்கான சாப்பாட்டைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு போவார்கள், வாரக் கடைசியில்தான் திரும்புவார்கள். இடைப்பட்ட இரவுகளுக்குச் சுரங்க வாயிலருகே கட்டிய கல் கட்டடம்தான் 'மைன் ஷாப்'.

தங்குமிடம் என்றதும் வசதியாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஒரு கட்டிலில் இரண்டு மூன்று பேர் நெருக்கியடித்துப் படுத்தார்கள். ஒரே அடுப்பில்தான் சமையல், அதன் பக்கத்திலேயே நனைந்த உடுப்புகள் காயும். தாது கழுவும் சிறுவர்களும் அங்கேயே தூங்கினார்கள். 1842-இல் குழந்தைத் தொழிலாளர் பற்றி வந்த அரசு விசாரணை அறிக்கையே இந்த நெரிசலையும் நாற்றத்தையும் விவரிக்கிறது. பகலெல்லாம் பாறைத் தூசியைச் சுவாசித்த நுரையீரலுக்கு ராத்திரியும் நல்ல காற்று கிடையாது.

கூலியும் விசித்திரம்தான். சில பேர் குழுவாகச் சேர்ந்து, எடுக்கும் தாதுவுக்கு இவ்வளவு என்று கம்பெனியோடு பேரம் பேசுவார்கள். மாதாமாதம் முன்பணம், கணக்கு முடிப்பது பெரும்பாலும் வருடக் கடைசியில். தாது சரியாக அகப்படாவிட்டால் கடன்தான் மிஞ்சும்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பெயினிலிருந்து மலிவான ஈயம் வந்ததும் தொழில் படுத்துவிட்டது. பல கட்டடங்கள் இன்று கூரையில்லாத சுவர்கள். தப்பிப் பிழைத்ததற்கு ஓர் உதாரணம் டர்ஹாம் மாவட்டத்துக் கில்ஹோப். 1853-இல் தொடங்கிய அந்தச் சுரங்கம் பின்னாளில் அருங்காட்சியகமாக மாறியது. மைன் ஷாப்போடு பிரம்மாண்டமான இரும்பு நீர்ச்சக்கரமும் அங்கே இருக்கிறது.