தறிச் சத்தம் பழகிய காது

கேள்வி: ஏழு வயதான என் மகனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. அருகிலுள்ள தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுகிறான். வீட்டில் நாள் முழுவதும் விசைத்தறி ஓடினாலும் அவனுக்கு ஒன்றும் ஆவதில்லை; எனவே இது பிடிவாதம்தான் என்கிறார் ஆசிரியை. நாங்களே ஓர் ஆளை வகுப்பில் உட்கார வைக்க வேண்டும், இல்லையேல் சிறப்புப் பள்ளிக்கு மாற்ற வேண்டும் என்கிறது நிர்வாகம். என்ன செய்வது?
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்.

பதில்: இது பிடிவாதம் அன்று, அம்மா. தறி ஒரே சீராக ஓடுவது. அடுத்த அடி எப்போது விழும் என்பது உங்கள் மகனுக்குத் தெரியும். மணியோ சொல்லாமல் வருவது. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குச் சத்தத்தின் அளவைவிட அதன் திடீர்த்தன்மையே தாங்க முடியாததாக இருக்கிறது. மணிக்கு ஐந்து நிமிடம் முன்பு ஆசிரியை ஒரு பட அட்டையைக் காட்டினால் போதும். மணி அடிப்பவருடன் ஒரு நாள் அவனை நிற்க வைத்து, அவன் விரும்பினால் அவனையே அடிக்கச் சொல்லலாம். அன்றைய பாடவேளைகளின் வரிசையைப் படங்களாக அவன் மேசையில் ஒட்டுவதும், “நோட்டை எடுத்துத் தேதி போட்டுப் பலகையைப் பார்” என்று மூன்றை அடுக்காமல் ஒவ்வொன்றாகச் சொல்வதும் உதவும். இவற்றால் மற்றப் பிள்ளைகளுக்கும் நன்மையே. ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் ஆசிரியையின் சிரமத்தையும் நான் மறுக்கவில்லை.

உடன் உட்காரும் ஆள் குறித்து எனக்குத் தயக்கம் உண்டு. சில குழந்தைகளுக்கு அது தேவைதான். ஆனால் அவர் எப்போதும் பக்கத்திலேயே இருந்தால் ஆசிரியை அவரிடமே பேசுவார், பிள்ளைகளும் ஒதுங்கிக்கொள்வார்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இருபத்தொரு வகைக் குறைபாடுகளில் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. அரசு நிதி அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொருவரின் தேவைக்கேற்ற வசதிகளைச் செய்துதர வேண்டும் என்கிறது அதன் 16ஆம் பிரிவு. எனவே, சிறப்புப் பள்ளி என்பது நீங்கள் விரும்பினால் தேர்ந்துகொள்ளக்கூடிய வழியே தவிர, பள்ளி உங்கள்மீது சுமத்தக்கூடியது அன்று. மருத்துவச் சான்றுகளுடன் தலைமையாசிரியருக்கு எழுத்துமூலம் மனு கொடுங்கள். அதில் மணி விஷயத்தையே முதலில் குறிப்பிட்டு, நகலில் பள்ளி முத்திரையுடன் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அந்த நகலுடன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.